ஐந்து புள்ளிக் கோடாலி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி வெட்டியபோது நாலடி ஆழத்தில் ஒரு கோடாலித் தலை கிடைத்தது. காம்பு இல்லை. குழி வெட்டியவர் அதைக் கம்பியால் நெம்பி எடுத்து மேலே எறிந்தார். ஈர மண்ணும் சிப்பித் துண்டுகளும் துருவும் ஒன்றாக இறுகி, அடுப்பில் கருகிப்போன ரொட்டித் துண்டு மாதிரி இருந்தது. உள்ளே இரும்பு இருக்கிறது என்பதே அது விழுந்த சத்தத்தில்தான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அதையும் மண்ணோட சேத்து வண்டியில தள்ளிருங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சொன்ன வேகம்தான் எனக்கு உறுத்தியது. அன்று காலையில் அதே குழியிலிருந்து ஒரு உடைந்த பீங்கான் கோப்பை வந்தபோது அவரே குழாயடியில் கழுவி, பூ வேலைப்பாட்டை எனக்குக் காட்டினார். இதை மட்டும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்காமலே அது என்னவென்று தெரிந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்னொன்றும் உண்டு. கல்யாணமாகி வந்த இந்த இருபத்தைந்து வருஷத்தில் அந்த மூலையில் எதையும் தோண்ட அவர் விட்டதில்லை. முருங்கைக் கம்பு நடப் போனேன், வேர் சுவரைத் தள்ளிவிடும் என்றார். கழிவுநீர்க் குழாய் போட வந்தவர்களை வீட்டைச் சுற்றிப் போட வைத்தார். இந்தத் தொட்டியையும் முன்வாசலில்தான் வெட்டச் சொன்னார். அங்கே பாறை தட்டியதால் கொத்தனார் பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டார். அந்த இரண்டு நாளும் இவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் அதை வெயிலின் மேல் போட்டுவிட்டேன்.

டீ குடிக்க எல்லோரும் முன்பக்கம் போன நேரத்தில் அந்தத் துருக்கட்டியைப் போனில் இரண்டு படம் எடுத்தேன். குழியின் ஓரத்தில் மண்ணோடு கிடந்தபடியே ஒன்று, பக்கத்தில் என் செருப்பை வைத்து அளவு தெரிய ஒன்று. பிறகு அதை அழுக்குத் துணி வாளியில் போட்டு மேலே ஒரு போர்வையைத் திணித்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. நான் இங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளர். குப்பியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கீழே கொட்டக்கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். அதுவாக இருக்கலாம். இல்லையென்றால் பிறவியிலேயே எனக்குள்ள சந்தேகப் புத்தி.

சாயங்காலம் மண் வண்டி போன பிறகு, மிச்சமிருந்த மண் குவியலை அவர் காலால் கிளறிக்கொண்டிருந்தார். நான் சமையலறை சன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பக்கம் கிளறுவார், நிற்பார், மறுபக்கம் போய்க் கிளறுவார்.

உள்ளே வந்து கேட்டார்: "ஏளா, குழியில கெடந்தத போட்டோ கீட்டோ எடுத்தியா?"

"இல்லையே, எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

அவர் சும்மா கேட்கவில்லை. நானும் உண்மை சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டு நடமாட ஆரம்பித்தோம்.

கல்லூரியில் அப்போது பரீட்சை முடிந்து விடுமுறை. ஆய்வுக்கூடச் சாமான்களைச் சரிபார்க்க நான் மட்டும் போய்வந்தேன். கோடாலித் தலையைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுபோனேன். என்னதான் அறிவியல் படித்திருந்தாலும், அந்தப் பையை மடியில் வைத்துப் பஸ்ஸில் போகும்போது என் புத்தி போன இடங்களை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. கோடாலியை யாராவது மண்ணில் புதைப்பார்களா? புதைத்தால் எதற்காகப் புதைப்பார்கள்? அதோடு வேறு எதையும் புதைத்திருப்பார்களா? குழி வெட்டியவரிடம் மறுநாள், "வேற எதும் கெடந்துச்சா அண்ணாச்சி?" என்று கேட்டிருந்தேன். "என்ன, தங்கப் புதையலா தேடுதீய?" என்று சிரித்தார். எலும்பு கிடந்ததா என்று வாய்விட்டுக் கேட்க முடியவில்லை.

ஆய்வுக்கூடத்தின் பின்வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் பிடித்துச் சலவை சோடாவைக் கரைத்தேன். பழைய பேட்டரி சார்ஜர் ஒன்று கிடந்தது. கழித்துப்போட்ட இரும்புக் கம்பியை ஒரு முனையில் மாட்டி, கோடாலியை மறுமுனையில் கம்பி கட்டித் தொங்கவிட்டேன். மின்சாரம் கொடுத்ததும் கோடாலியைச் சுற்றி நுரை கிளம்பியது. இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் செங்கல் கரைத்த மாதிரி ஆனது. இந்த முறையில் நல்ல இரும்பு போகாது, துரு மட்டும் உதிரும். அவசரப்பட்டுச் சுத்தியலால் தட்டினால் துருவோடு அடியில் இருக்கும் எழுத்து, குறி எல்லாம் போய்விடும். எனக்கு அந்த எழுத்துதான் வேண்டும்.

நாலு நாள் ஆனது. தினமும் எடுத்துக் கழுவி, பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, புதுத் தண்ணீரில் மறுபடி போடுவேன். இரண்டாம் நாள் சிப்பி ஓடுகள் கழன்றன. மூன்றாம் நாள் காம்பு நுழையும் ஓட்டை திறந்தது. உள்ளே அடைத்திருந்த மண்ணைக் குச்சியால் குத்தி எடுத்தேன். மண்ணைத் தவிர எதுவும் இல்லை. மரத்துணுக்குக்கூட இல்லை. காம்பு உள்ளே இருந்து மக்கியிருந்தால் கறுப்பாகக் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். யாரோ காம்பைத் தட்டிக் கழற்றிவிட்டுத் தலையை மட்டும் புதைத்திருக்கிறார்கள். தவறி விழுந்து மண்மூடிய சாமான் இல்லை இது.

நாலாம் நாள் அதன் உருவம் முழுசாகத் தெரிந்தது. விறகு வெட்டும் கோடாலி இல்லை. வாய் ஒரு சாண் அகலம், கீழ்ப்பக்கம் தாடி மாதிரி இறங்கியிருந்தது. ஒரு பக்கம் பலகை போலத் தட்டை, மறுபக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டியிருந்தது. இரண்டு பக்கமும் அம்மை விழுந்த முகம் மாதிரி குழிகள். தட்டைப் பக்கத்தில், காம்பு ஓட்டைக்கு அருகில், ஐந்து புள்ளிகள் இருந்தன. நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று. ஆணி வைத்து அடித்த மாதிரி. அவை துருக்குழி இல்லை, மனிதக் கை வைத்தவை. அதைக் காய வைத்து, எண்ணெய் தடவி, துணியால் துடைத்தபோது கறுப்பாகப் பளபளத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷப்பட முடியவில்லை என்பதுதான் சங்கடம்.

பஜாரில் இரும்புச் சாமான் கடைக்காரரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம சரக்கு இல்லக்கா. தோணி கட்டுறவங்க மரத்த ஒருபக்கமாச் செதுக்குறதுக்கு வச்சிருப்பாங்க. பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரிய ஓடாவி இருக்காரு, அவர்கிட்டக் கேளுங்க" என்றார். தோணி கட்டும் தச்சர்களை இங்கே ஓடாவி என்பார்கள். என் மாமனாரும் ஓடாவிதான். நான் இந்த வீட்டுக்கு வருமுன்பே நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். முன்கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். அவரைப் பற்றி ஊரில் எல்லோரும் நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். பட்டறைக்கு ஒழுங்காகப் போவார், கோயில் திருவிழாவுக்குச் சப்பரம் செப்பனிடுவார், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். அதனால் அது அவருடைய கோடாலியாக இருக்கலாம் என்று தோன்றியபோது எனக்குப் பயம் குறைவதற்குப் பதில் கூடியது. அப்பாவின் கோடாலி என்றால் மகன் ஏன் அதைப் பார்த்து மிரள வேண்டும்? அப்பாவின் கோடாலியை எடுத்து மகன் என்ன செய்தார்?

பெரிய ஓடாவிக்கு எழுபது வயதிருக்கும். பட்டறை வேலிக்குள் ஒரு தோணியின் நிழலில் பலகைமேல் உட்கார்ந்து, தோணிப் பலகை இடுக்கில் அடைக்கப் பஞ்சு திரித்துக்கொண்டிருந்தார். நான் வணக்கம் சொல்லி, "அண்ணாச்சி, இது என்ன சாமான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லணும்" என்று துணியை அவிழ்த்தேன்.

கையில் வாங்கியவர் வாயைப் பார்க்கவில்லை. நேராகத் தட்டைப் பக்கத்தைத் திருப்பிக் கட்டைவிரலால் அந்த ஐந்து புள்ளிகளைத் தடவினார். பஞ்சு அவர் மடியிலிருந்து கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"இத எங்கன எடுத்தே?"

என் வாயில் பொய் தயாராக இருந்தது. "பழைய இரும்புக்கடையில வாங்கினேன்."

"எந்தக் கடையில?"

"அங்கன... மார்க்கெட்டுப் பக்கம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமா, பயமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"ஏளா, நீ அவன் பெண்டாட்டிதான? கண்டெய்னர் யார்டுல வேல பாக்கானே, அவன். உன்னய யாரு அனுப்புனது? அவனா அனுப்புனான்?"

"யாரும் அனுப்பல. அவருக்குத் தெரியாது."

"தெரியாதோ?" என்று ஒரு மாதிரி சிரித்தார். "கேட்டுக்கோ. இது இடதுகைக்காரன் கோடாலி. வலதுகைக்காரனுக்குச் சாய்வு இந்தப் பக்கம் இருக்கும், இதுக்கு அந்தப் பக்கம். காம்பு ஓட்ட மேல அகலம், கீழ ஒடுக்கம், திருப்பிப் போடவும் முடியாது. இந்தப் பட்டறையில அந்தக் காலத்துல ஒரே ஒரு இடதுகைக்காரன்தான் உண்டு. இந்த அஞ்சு புள்ளி யாரு குறின்னு உன் வீட்டுக்காரன்கிட்டக் கேளு. எண்ண போட்டு எவ்வளவு பத்திரமா வச்சிருக்கீய! நாப்பது வருஷம்!"

கோடாலியைப் பலகைமேல் வைத்தார். வைத்துவிட்டுக் குடத்தில் தண்ணீர் எடுத்துக் கை கழுவினார். ஏதோ செத்ததைத் தொட்டவர் மாதிரி.

வீட்டுக்கு வந்து மாமனாரின் படத்தைப் பார்த்தேன். ஏதோ கல்யாண வீட்டில் எடுத்த படம். காபி டம்ளர் இடது கையில் இருந்தது. இத்தனை வருஷம் அதற்கு மாலை மாற்றியிருக்கிறேன், கவனித்ததே இல்லை. என் வீட்டுக்காரர் வலதுகைக்காரர். ஒரு வாரமாக அவர் மேல் இருந்த சந்தேகம் அப்படியே எழுந்து படத்துக்குள் இருந்தவர் மேல் போய் உட்கார்ந்தது. ஆனால் இவரும் முழுசாக விடுபடவில்லை. இவருக்கு எல்லாம் தெரியும், என்னிடம் மறைத்திருக்கிறார்.

அன்று அவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுமுன் கோடாலியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும், நீ எடுத்து வச்சிருப்பேன்னு" என்றார்.

"இது உங்கப்பா கோடாலிதான?"

"ஆமா."

"யாரப் பொதச்சீங்க?"

இப்படிக் கேட்பேன் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு வாரமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அப்படியே வந்துவிட்டது. அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு புரிந்தது. அவர் முகம் சுருங்கியதை நான் மறக்கமாட்டேன்.

"கோடாலியத்தான் பொதச்சோம்" என்றார். "நானும் எங்கம்மாவும்."

அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுத எனக்கு வராது. அடிக்கடி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சுருக்கம் இதுதான்.

அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. என் மாமியார் வீட்டில் துணி தைத்துக் கொடுப்பார். தோணியில் போகும் ஒருவர் தன் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கத் துணி கொண்டுவந்து கொடுப்பார். அவ்வளவுதான் விஷயம். மாமனாருக்கு அதில் சந்தேகம். ஊரில் அதிர்ந்து பேசாதவர் வீட்டுக்குள் வேறு ஆள். ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் குடித்துவிட்டு வந்து, பட்டறைப் பையிலிருந்த கோடாலியை எடுத்துத் தையல் மெஷினின் மேசையை இரண்டாகப் பிளந்தார். மெஷின் தரையில் கவிழ்ந்தது. "அடுத்தது நீதான்" என்று மாமியாரிடம் சொல்லி, கோடாலியைத் திரும்பப் பையில் போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார்.

விடிந்து அவர் எழுமுன் மாமியார் பையிலிருந்து கோடாலியை எடுத்து விறகுக்குள் ஒளித்தார். பையைத் தூக்கிக்கொண்டு அவர் வேலைக்குப் போனதும், காம்பைத் தட்டிக் கழற்றி அடுப்பில் வைத்தார். அம்மாவும் மகனுமாகப் பின்பக்க மூலையில் குழி தோண்டினார்கள். மகனின் தோளளவு தோண்டியிருக்கிறார்கள்.

"மத்தியானம் அப்பா வந்தாரு. கோடாலியக் காணல, வீட்டுல இருக்கான்னு கேட்டாரு. அம்மா, 'பையில வச்சுத்தான கொண்டுபோனீய'ன்னாங்க. அப்பா என்னயப் பாத்தாரு. நான், 'ஆமாப்பா, நீங்க பையில போட்டத நான் பாத்தேன்'னு சொன்னேன்."

"அது சரிதான, அம்மாவக் காப்பாத்தத்தான சொன்னீங்க?"

"அதோட முடிஞ்சா பரவாயில்லையே."

கோடாலி பட்டறைக்குப் போனது, பட்டறையில் காணாமல் போனது என்றால் பட்டறையில்தான் கள்ளன் இருக்க வேண்டும். முந்தின வாரம் மாமனாரோடு வாய்ச்சண்டை போட்ட இளைஞர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் மேல் பழி விழுந்தது. அவர் மாதா மேல் சத்தியம் செய்தார். முதலாளி கேட்கவில்லை. மாமனார் மகனைப் பட்டறைக்கே கூட்டிப்போய் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "நீ பாத்ததச் சொல்லுலே" என்றார். பையன் சொன்னான். அந்த இளைஞரை அன்றே அனுப்பிவிட்டார்கள். கருவியைத் திருடுகிறவனை எந்தப் பட்டறையும் சேர்க்காது. பல வருஷம் உப்பு லாரியில் மூட்டை ஏற்றிப் பிழைத்திருக்கிறார். பழைய முதலாளி போன பிறகுதான் திரும்பத் தொழிலுக்கு வந்தாராம். அதற்குள் அவருக்குக் 'கோடாலி' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் மகளைப் பள்ளிக்கூடத்தில் 'கோடாலி மக' என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அந்தப் பெரிய ஓடாவியா?" என்றேன்.

தலையசைத்தார். "அவரப் பாத்தா நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருவேன். அம்மா இருக்கிற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க. அம்மா போயி மூணு வருஷமாச்சு. இந்த மூணு வருஷம் ஏன் சொல்லலன்னு கேட்டா, பயம். வேற என்ன."

ஓடாவியிடம் நான் காட்டிவிட்டு வந்ததைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள், ஓடாவியிடம் உண்மையைச் சொல்லப்போவதாகத் திருநெல்வேலியிலிருக்கும் தன் அக்காவிடம் போனில் சொன்னார். அக்காவுக்கு இதெல்லாம் பாதிதான் தெரியும். எனக்கே கேட்கும் அளவுக்குச் சத்தம் போட்டார். "செத்துப்போனவங்கள சந்தியில இழுத்து விடப்போறியா? அப்பா குடிகாரரு, அம்மா பொய் சொன்னாங்கன்னு ஊருக்குச் சொல்லப் போறியா?" இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆமாக்கா" என்று மட்டும் சொல்லி வைத்தார். அந்த 'ஆமாக்கா'வைக் கேட்டபோதுதான், ஒரு வாரத்துக்குப் பிறகு, இவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு வந்தது.

இருவருமாகப் பட்டறைக்குப் போனோம். கோடாலியை நான் வைத்திருந்தேன். எங்களைப் பார்த்ததும் ஓடாவி எழுந்து நின்றார். இவர் உட்காராமல், நின்றபடியே, எல்லாவற்றையும் சொன்னார். மேசையைப் பிளந்தது, காம்பு அடுப்பில் எரிந்தது, தான் பொய் சொன்னது. முடித்ததும் ஓடாவி கோடாலியைச் சுட்டிக்காட்டினார்.

"நாப்பது வருஷம் மண்ணுல கெடந்த இரும்பா இது? எண்ண போட்டுப் பரண்ல வச்சிருந்த இரும்பு மாதிரி மினுங்குது. உங்கப்பனுக்கு அப்பமே கெடச்சிருக்கும். கெடச்சதச் சொன்னா மானம் போயிரும்னு மறைச்சு வச்சிருப்பான். இப்பம் எல்லாரும் செத்த பெறகு பொதச்சோம்னு கத சொல்லுதீய."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு நாள் பாடுபட்டு நான் கழுவி எடுத்தது வெறும் துருவை இல்லை. இவர் சொல்வதற்கு இருந்த ஒரே சாட்சியை. அந்தக் கட்டியை அப்படியே கொண்டுவந்திருந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது.

"அண்ணாச்சி, சுத்தம் பண்ணினது நான்தான்" என்றேன். "அன்னைக்கு உங்ககிட்டக் கடையில வாங்கினேன்னு சொன்னதும் பொய்தான். எனக்கு இவர் மேலயே சந்தேகம். அதான் மறைச்சேன். இதப் பாருங்க."

போனில் அந்த இரண்டு படங்களையும் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் தள்ளிப் பிடித்தும் பக்கத்தில் பிடித்தும் பார்த்தார். என்னை நம்பாமல், படத்தை அவரே விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். குழியின் மண் அடுக்கு, சிப்பித் துண்டுகள், என் செருப்பு. பிறகு கோடாலியை வாங்கி அந்த அம்மைக் குழிகளைக் கட்டைவிரலால் தடவினார். காம்பு ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றினார். உள்ளே நான் எட்டித் தேய்க்க முடியாத இடத்தில் இன்னும் துரு ஒட்டியிருந்தது. விரலை வெளியே எடுத்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார்.

"உப்பு மண்ணு" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

இவர் அவர் காலடியில் குனிந்தார். ஓடாவி காலை இழுத்துக்கொண்டார். "என்கிட்டச் சொல்லி என்னலே பிரயோசனம்? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு எத்தன பேரு முன்னால சொன்னியோ அத்தன பேரு முன்னால சொல்லு."

அன்று பட்டறையில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பது மூன்று பேர்தான். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வரும்போது கோயில் பக்கத்து டீக்கடையில் கூடுவார்கள். ஓடாவி எங்களை அங்கே வரச் சொன்னார். தன் மகளையும் அழைத்து வந்திருந்தார். மகளுக்கு என் வயதிருக்கும். எங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்து நின்றார்.

என் வீட்டுக்காரர் கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாதவர். குரல் இரண்டு தடவை உடைந்தது. அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது என் பக்கம் பார்த்தார். நான் தலையசைத்தேன். முழுசும் சொல்லி முடித்தார். டீக்கடையில் வடை போடுகிறவர்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டார்.

மூவரில் ஒருவர், நல்ல வயசாளி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இவன் எடுத்திருக்கமாட்டான்னு எங்களுக்கு அப்பமே தெரியும்டே. உங்கப்பன் குடிச்சிட்டு எங்கனயும் போட்டிருப்பான்னுதான் நாங்க பேசிக்கிட்டோம்."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் ஓடாவி சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சா ஏம்லே அன்னைக்குச் சொல்லல?"

ஓடாவிக்கு உதடு துடித்தது. "இவன் சின்னப்பய, பெத்த அம்மைக்காகச் சொன்னான். நீங்க யாருக்காகலே வாய மூடிக்கிட்டிருந்தீய?"

அந்த மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் அவரோடு டீ குடித்தவர்கள். நான் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். இவர்களும் எதையோ புதைத்துவிட்டு அதன் மேல் நடமாடியவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து ஓடாவி என் கையிலிருந்த துணிப்பொட்டலத்தைப் பார்த்தார்.

"அத இங்க தா."

"அண்ணாச்சி, நீங்க வலதுகை ஆச்சே. உங்களுக்கு இது உதவாதே" என்றேன்.

"எடுத்தவன்னு பேரு வாங்கியாச்சு. இப்பம் எடுத்துக்கிடுதேன்."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை. மகள் மட்டும் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. "அந்தப் போட்டோவ எனக்கு அனுப்புங்க" என்று தன் நம்பரைச் சொன்னார். அங்கேயே அனுப்பினேன். படம் வந்துவிட்டதா என்று பார்த்து உறுதிசெய்த பிறகுதான் அப்பாவைக் கைப்பிடித்து எழுப்பினார்.

பைக்கில் திரும்பி வரும்போது கடற்கரை ரோட்டில் ஓரமாக நிறுத்தினார் என் வீட்டுக்காரர். நிறுத்திவிட்டுத் திரும்பாமலே கேட்டார்.

"நெசமாவே நான் ஆளக் கொன்னிருப்பேன்னு நெனச்சியா?"

மழுப்பலாம் என்றுதான் பார்த்தேன். அந்தக் காலையில் அது முடியவில்லை.

"நெனச்சேன்."

"இருபத்தஞ்சு வருஷம் கூட இருந்துட்டு?"

"நீங்க இருபத்தஞ்சு வருஷம் சொல்லாம இருந்தீங்களே."

வண்டியைக் கிளப்பினார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நான் எதுவும் கேட்காமலே, அம்மா அந்த மெஷினை எப்படிச் செங்கல் அடுக்கிய பலகைமேல் வைத்துத் தைத்தார் என்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றுவாராம், மறு கையால் துணியைத் தள்ளுவாராம். மீன்காரப் பெண்களுக்கு ரவிக்கையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சட்டையுமாக அப்படியே தைத்திருக்கிறார். சட்டைத் துணி கொண்டுவந்த அந்தத் தோணிக்காரர் பிறகு அந்தப் பக்கமே வரவில்லையாம்.

"அவரு ஏன் வரல?" என்றேன்.

"தெரியாது."

உடனே எனக்குள் பழைய புத்தி தலையைத் தூக்கியது. நிஜமாகவே தெரியாதா? அவர் முகத்தைப் பார்த்தேன். மீன் முள்ளைக் கவனமாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். கேட்கலாம் என்று வாயெடுத்து, கேட்காமல் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். அவர் மேலே சொல்லிக்கொண்டு போனார்.